கடல் கொண்ட கண்டமும் மண் காத்த கல்லும்

சென்னைக்கு வடக்கே, பழவேற்காடு ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் இடையே கிடக்கும் மணற்கரையில் லைட்ஹவுஸ் குப்பம் என்னும் மீனவர் ஊர் இருக்கிறது. கலங்கரை விளக்கத்தை அடுத்து அமைந்திருப்பதால் ஊருக்கு அப்பெயர் வாய்த்தது. ஒரு புறம் உவர்நீர் ஏரி. மறுபுறம் ஓயாது ஒலிக்கும் கடல். இரண்டிற்கும் இடையே, சிறிது நேரத்தில் நடந்து கடந்துவிடத் தக்க மணல்மேடு. அந்த மேட்டின் மேல் மனிதர் வீடு கட்டிக் குடியிருக்கின்றனர், வலை உலர்த்துகின்றனர், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புகின்றனர்.

அவ்வூர்ப் பெரியவர் ஒருவரை அணுகி, "ஐயா, இந்தக் கடல் எந்நாளும் இதே இடத்தில்தான் இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் முதலில் முகத்துவாரத்தைத்தான் காட்டுவார். ஏரியும் கடலும் கூடும் அவ்வாயில் கோடையில் மணல் மூடித் தூர்ந்து போகும். மழைக்காலத்து வெள்ளம் அதனை உடைத்துத் திறக்கும். கரையோரத்தில் ஓரிடத்தில் மணல் சேரும். மற்றோரிடத்தில் அலை அரித்துக்கொண்டு போகும். 1964 டிசம்பரில் வீசிய புயலில் தெற்கே தனுஷ்கோடி அழிந்ததையும், 2004 டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை நம் கரையோரக் குப்பங்களைத் தாக்கியதையும் கடலோர மக்கள் மறக்கவில்லை. ‘கடல் கொண்டது’ என்னும் சொல் நமக்கு இலக்கியச் சொல். அவர்களுக்கோ வாழ்க்கையில் கண்ட உண்மை.

ஊர் ஒன்றைக் கடல் கொள்ளுமாயின், நாடு ஒன்றைக் கொள்ளாதா? நாட்டைக் கொள்ளுமாயின், ஒரு கண்டத்தையே கொள்ளாதா? அக்கண்டத்தில்தான் மனித இனம் முதன்முதல் தோன்றியது என்றால், அதனை மறுப்பவர் யார்? இவ்வாறு படிப்படியாக ஏறிச் சென்ற ஓர் எண்ணம், ஏறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகளாக உலகில் உலவி வருகின்றது. அதற்கு லெமூரியா என்று பெயர். நம் நாட்டில் அது குமரிக்கண்டம் என்னும் பெயரோடு கலந்து நிற்கின்றது. அந்த ஏணியின் படிகளில் எவை உறுதியானவை, எவை உடைந்தவை என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்பதே இப்பேச்சின் நோக்கமாகும்.

முதற்படி உறுதியானதே. கடல் உயர்ந்து நிலத்தைக் கொண்டது உண்மை. ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகின் பெருநீர் பனிக்கட்டியாக உறைந்து வடபுலங்களை மூடியிருந்தது. அக்காலத்தில் கடல்மட்டம் இன்று இருப்பதைவிட ஏறக்குறைய 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. அன்று லைட்ஹவுஸ் குப்பம் நிற்கும் இடம் கடற்கரையே அன்று. கரை கிழக்கே பல கிலோமீட்டர் தள்ளி இருந்தது. பாக் நீரிணை ஆழமற்றது. ஆதலின் அது தரையாகவே இருந்து, தமிழகத்தையும் இலங்கையையும் இணைத்தது. பின்னர்ப் பனி உருகிற்று, கடல் ஏறிற்று. அந்த ஏற்றம் சில ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தணிந்து நின்றபோது, அலைகள் மணலைக் குவித்து நீண்ட திட்டுகளை அமைத்தன. அத்திட்டுகளுக்குப் பின்னே அடைபட்ட நீர்ப்பரப்பே பழவேற்காடு ஏரியாயிற்று. ஏரிப் பகுதியின் சேற்றுக்கடியிலிருந்து சுண்ணாம்புக்காகத் தோண்டியெடுக்கப்பட்ட பழங்கிளிஞ்சல்களே இம்மாறுதல்களுக்குச் சாட்சி. கடலின் பழங்கணக்கை எழுதி வைத்த ஏடு என்று அப்படுகைகளைச் சொல்லலாம்.

ஆகவே, கடலோர நிலங்கள் மூழ்கின என்பதில் ஐயமில்லை. ஆனால் அளவு என்று ஒன்று உண்டன்றோ? கடல் ஏறியது 120 மீட்டர். இந்துமாக்கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டருக்கும் மேற்பட்டது. முழங்கால் அளவு நீர் ஏறினால் திண்ணை முழுகும், கோபுரம் முழுகாது. கடலோரத்துச் சமவெளிகள் மறைந்தன என்பது வேறு. ஆப்பிரிக்காவிலிருந்து இந்தியா வரை நீண்ட ஒரு பெருங்கண்டம் மறைந்தது என்பது வேறு. முன்னதற்குச் சான்று உண்டு. பின்னது எங்கிருந்து வந்தது?

அது வந்தது ஒரு விலங்கின் வழியாக. மடகாஸ்கர் தீவில் லெமூர் என்னும் விலங்கினம் பலவகையாக வாழ்கின்றது. அதற்கு உறவான தேவாங்கு நம் தமிழ்நாட்டுக் காடுகளிலும் இலங்கையிலும் வாழ்கின்றது. கரூர், திண்டுக்கல் மாவட்டங்களைச் சார்ந்த கடவூர்ப் பகுதியில் தேவாங்குக்கென்றே 2022-ஆம் ஆண்டில் ஒரு சரணாலயம் அமைக்கப்பட்டது. நடுவே இத்துணைப் பெரிய கடல் கிடக்க, இவ்விரு கரைகளிலும் உறவினங்கள் எவ்வாறு வந்தன? ஆங்கில விலங்கியல் அறிஞர் பிலிப் ஸ்கிலேட்டர் 1864-ஆம் ஆண்டில் இக்கேள்வியை எழுப்பினார். முன்னொரு காலத்தில் இந்துமாக்கடலில் ஒரு நிலப்பரப்பு இருந்து, இவ்விடங்களை இணைத்திருக்க வேண்டும் என்று விடையும் கூறினார். அந்நிலத்திற்கு லெமூரியா என்று பெயரிட்டார். கேள்வி மிக நல்ல கேள்வி. விடையும் அக்காலத்து அறிவுக்கு ஏற்ற விடையே. கண்டங்கள் நகரும் என்று அன்று எவரும் நிலைநாட்டவில்லை. நிலம் நகராது என்றால், இணைத்த பாலம் மூழ்கியிருக்க வேண்டும் என்றுதானே எண்ணத் தோன்றும்?

விலங்குக்காகக் கட்டிய இப்பாலத்தின் மேல் விரைவிலேயே மனிதனும் ஏற்றப்பட்டான். ஜெர்மானிய அறிஞர் எர்னஸ்ட் ஹெக்கல், மனித இனத்தின் தொட்டில் லெமூரியாவாக இருக்கலாம் என்று எழுதினார். அங்கிருந்து மனிதக் குழுக்கள் உலகெங்கும் பரவியதாகப் படமும் வரைந்து காட்டினார். குரங்கினத்திற்கும் மனிதனுக்கும் இடைப்பட்ட எலும்புகள் ஏன் கிடைக்கவில்லை என்னும் கேள்விக்கு, அவை கடலடியில் கிடக்கின்றன என்னும் விடை மிக வசதியாக இருந்தது. இவ்வசதியைத்தான் நாம் கூர்ந்து நோக்க வேண்டும். சான்று இல்லாமையையே சான்றாகக் காட்டும் கொள்கையை ஒருவராலும் பொய்ப்பிக்க இயலாது. பொய்ப்பிக்க இயலாத காரணத்தாலேயே அதனை மெய்ப்பிக்கவும் இயலாது.

ஹெக்கலின் எழுத்தால் ஊக்கம் பெற்ற யூஜின் துபுவா என்னும் டச்சு மருத்துவர், படத்தைப் பார்த்து மகிழ்ந்து வாளாவிருக்கவில்லை. 1887-இல் அவர் இன்றைய இந்தோனேசியாவிற்குப் புறப்பட்டார். 1891-இல் ஜாவாத் தீவில், திரினில் என்னும் இடத்து ஆற்றங்கரையில், பழைய மனித இனத்தின் மண்டையோட்டுப் பகுதி ஒன்று அவருடைய அகழ்வில் கிடைத்தது. ஜாவா மனிதன் என்று பெயர் பெற்றது அதுவே. அவரைத் தூண்டிய கொள்கை பிழையானது. ஆயினும் அவர் மண்ணைத் தோண்டினார். தோண்டியதால், பிழையான கொள்கையிலிருந்தும் ஓர் உண்மை கிடைத்தது.

மற்றொரு சாரார் தோண்டவில்லை. 1888-இல் வெளிவந்த தம் பெருநூலில், பிரம்மஞான சங்கத்தை நிறுவியோருள் ஒருவரான பிளாவட்ஸ்கி அம்மையார், லெமூரியாவை மனிதகுலத்தின் முந்தைய மூல இனங்களுள் ஒன்றின் உறைவிடமாக வருணித்தார். அவர் கூறிய லெமூரியர் பேருருவம் படைத்தவர். 1904-இல் ஸ்காட் எலியட் என்பவர் அக்கண்டத்திற்கு வரைபடங்களுடன் ஒரு தனிநூலே எழுதினார். விலங்கியலார் ஊகமாகச் சொன்னது இவர்கள் கையில் காட்சியாயிற்று. இவ்வகை எழுத்துக்கு அகழாய்வு வேண்டுவதில்லை. ஞானதிருஷ்டியே போதும் என்பது இவர்கள் கொள்கை. நம்பிக்கை என்ற அளவில் அது அவரவர் உரிமை. ஆனால் அதனை வரலாறு என்று வழங்கும்போது, வரலாற்றிற்குரிய சான்றைக் கேட்கும் உரிமை நமக்கும் உண்டு.

தமிழகத்திற்கு வருவோம். லெமூரியா என்னும் சொல் இங்கு வருமுன்னரே, கடல்கோள் பற்றிய செய்தி நம் இலக்கியத்தில் இருந்தது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் சுட்டுகிறது. தென்மதுரையும் கபாடபுரமும் சங்கம் இருந்த நகரங்கள் எனவும், அவை கடலால் அழிந்தன எனவும் இறையனார் அகப்பொருள் உரை கூறுகிறது. பஃறுளிக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட 700 காவதப் பரப்பில் 49 நாடுகள் இருந்தன என்று அடியார்க்குநல்லார் உரை வகுத்தார். ஐரோப்பிய அறிஞரின் லெமூரியா நம்மவர் காதுக்கு எட்டியபோது, இரண்டும் ஒன்றே என்னும் எண்ணம் எளிதில் பிறந்தது. பரிதிமாற்கலைஞர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதனை எடுத்துரைத்தார். கா. அப்பாத்துரையார் கடல்கொண்ட தென்னாடு குறித்துத் தனிநூலே எழுதினார். தேவநேயப் பாவாணர் மனித இனமும் மொழியும் தோன்றிய இடம் அதுவே என்று வாதிட்டார். தமிழின் பெருமையை உலகம் ஒப்புக்கொள்ளாத காலத்தில் எழுந்த குரல்கள் அவை. அவர்களுடைய மொழிப்பற்றையும் உழைப்பையும் நாம் மதிக்கின்றோம். மதிப்பது வேறு, கொள்கையைச் சோதிப்பது வேறு. ஆசிரியரை வணங்கிவிட்டு அவர் போட்ட கணக்கைச் சரிபார்க்கும் மாணவன் குற்றவாளியல்லன்.

சோதனையின் முடிவு என்ன? ஜெர்மானிய அறிஞர் ஆல்பிரட் வெகனர், கண்டங்கள் நகர்கின்றன என்று 1912-இல் கூறினார். பலர் எள்ளி நகையாடினர். எந்த விசை அவற்றை நகர்த்துகிறது என்று அவரால் காட்ட இயலவில்லை. 1930-இல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தபோது அவருடைய கொள்கை ஏற்கப்படாமலே இருந்தது. பின்னர்க் கடலடித் தரையை அளந்தார்கள். 1960-களில், கடலடியில் நீண்ட மலைத்தொடர்களின் நடுவே புதிய பாறை பிறந்து இருபுறமும் விலகிச் செல்கிறது என்பது காந்தப் பதிவுகளால் நிறுவப்பட்டது. இந்தியாவும் மடகாஸ்கரும் ஒரு காலத்தில் ஒட்டியிருந்தன, ஏறக்குறைய 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன் பிரிந்தன. இடையே மூழ்கிய பாலம் ஒன்றும் இல்லை; பாலமாக நின்ற நிலமே விலகிப் போயிற்று. இந்துமாக்கடலின் அடித்தரை பெரும்பாலும் கடலுக்கே உரிய எரிமலைப் பாறையால் ஆனது. மூழ்கிய பெருங்கண்டத்தின் பாறையன்று. மொரீசியசுத் தீவின் அடியில் பழைய கண்டத்தின் சிறு துண்டு ஒன்று புதைந்து கிடப்பதாக 2013-இல் ஆய்வாளர் அறிவித்தனர். அதுவும் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் சிதறியது, மனிதன் கண்டதன்று.

இங்கு ஒரு கணக்கை மனத்தில் இருத்துங்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் பிரிந்தபோது மனிதன் மட்டுமல்ல, லெமூரும் தேவாங்குமே தோன்றியிருக்கவில்லை. மடகாஸ்கருக்கு லெமூரின் முன்னோர், ஆப்பிரிக்கக் கரையிலிருந்து வெள்ளத்தில் அடித்துவரப்பட்ட மரத்தெப்பங்களின் மீது மிதந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பதே இன்று பெரும்பாலோர் கொள்ளும் விளக்கம். ஸ்கிலேட்டர் எழுப்பிய கேள்வி வாழ்கிறது, விடை மாறிவிட்டது. விஞ்ஞானத்தில் இது தோல்வியன்று. இதுவே அதன் நடைமுறை.

"வெகனரையும் உலகம் நகைத்ததே; எம்மை நகைப்பதனாலேயே எம் கொள்கை பொய்யாகிவிடுமா?" என்று மாற்றுத் தொல்லியல் பேசுவோர் கேட்பதுண்டு. நியாயமான கேள்வி. கற்றறிந்தோரும் தவறுவர் என்பதற்கு மனிதத் தோற்ற ஆராய்ச்சியிலேயே எடுத்துக்காட்டு உண்டு. 1912-இல் இங்கிலாந்தில் பில்ட்டவுன் என்னுமிடத்தில் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட மண்டையோட்டைப் பேரறிஞர் பலர் மெய்யென்று நம்பினர். பெரிய மூளையும் குரங்குத் தாடையும் கொண்ட முன்னோன் என்று அதனைக் கொண்டாடினர். 1924-இல் தென்னாப்பிரிக்காவில் டாங் என்னுமிடத்தில் உண்மையான முன்னோனின் இளமண்டையோடு கிடைத்து, ரேமண்ட் டார்ட் அதனை மறு ஆண்டு வெளியிட்டபோது, அவர்களுள் பலர் ஏற்க மறுத்தனர். மூளை சிறியதாகவும் பல் மனிதப் பல்லைப் போன்றதாகவும் இருந்தது, பில்ட்டவுனுக்கு நேர்மாறு. நாற்பது ஆண்டுகள் கழித்து, 1953-இல், பில்ட்டவுன் எலும்பு போலி என வெளிப்பட்டது. மனித மண்டையோட்டுடன் ஒராங்குட்டான் குரங்கின் தாடையைச் சேர்த்து, பல்லை அராவி, நிறமேற்றி வைத்திருந்தனர்.

ஆயினும் ஒன்றைக் கவனியுங்கள். போலியை வெளிப்படுத்தியவர் யார்? எலும்பை மீண்டும் எடுத்து, அதில் ஊறிய புளோரின் அளவைச் சோதித்த ஆராய்ச்சியாளரே. டார்ட்டை வெற்றி பெறச் செய்தவை எவை? ஆப்பிரிக்காவில் மேலும் மேலும் கிடைத்த எலும்புகள். வெகனரை வெற்றி பெறச் செய்தது கடலடித் தரை. நகைக்கப்பட்டவர் என்பதற்காக எவரும் வெல்லவில்லை. சான்று வந்து சேர்ந்ததாலேயே வென்றனர். நகைக்கப்பட்டோர் பலர், அவருள் சான்று பெற்றோர் சிலரே.

சான்று என்பது பொருள் மட்டுமன்று; அப்பொருள் கிடந்த இடமும் சேர்ந்ததே சான்று. இதற்கு அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. குஜராத்தில் காம்பே வளைகுடாவின் அடியில், சென்னையிலுள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் ஒலியலைக் கருவியால் ஆய்ந்தபோது, கட்டடங்களின் அடித்தளம் போன்ற உருவங்கள் பதிவாயின. அங்கிருந்து வாரியெடுத்த பொருள்களுள் ஒரு மரத்துண்டின் வயது ஏறக்குறைய 9,500 ஆண்டு எனக் கணிக்கப்பட்டது. உலகின் மிகப் பழைய நகரம் கிடைத்துவிட்டது என்று 2002-இன் தொடக்கத்தில் செய்தி பரவிற்று. தொல்லியலார் பலர் தயங்கினர். ஏன்? அப்பொருள்கள் கடலடியில் வாரியெடுக்கப்பட்டவை. ஒழுங்காக அகழ்ந்தெடுக்கப்பட்டவை அல்ல. அவ்வளைகுடாவிலோ ஓதத்தின் விசை மிகக் கடுமையானது; ஆற்றுநீர் கொண்டுவந்த எதனையும் புரட்டிப் போடும். மரத்தின் வயது மரத்தின் வயதே; அது நகரத்தின் வயதாகாது. பழவேற்காட்டு மீனவர் வலையில் ஒரு பழைய பானை ஓடு சிக்கினால், அப்பானை அங்கே வனையப்பட்டது என்று அவர் சொல்லமாட்டார். நீரோட்டத்தை அவர் அறிவார்.

இனி, இடமும் பொருளும் ஒருங்கே கிடைத்த ஓரிடத்திற்குச் செல்வோம். அதற்குக் கடல் கடக்க வேண்டுவதில்லை. லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து தென்மேற்கே, நேர்கோட்டில் ஏறத்தாழ 50 கிலோமீட்டர் சென்றால் போதும். அங்கே கொசத்தலையாற்றுப் படுகையில், அதே திருவள்ளூர் மாவட்டத்தில், அத்திரம்பாக்கம் என்னும் சிற்றூர் இருக்கிறது.

இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த இராபர்ட் புரூஸ் பூட், 1863 மே 30-ஆம் நாள் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் செம்மண் சரளையிடையே ஒரு கல்லைக் கண்டார். வெறுங்கல் என்று மற்றவர் ஒதுக்கியிருப்பர். ஐரோப்பாவில் அவ்வாறான கற்கள் மிகப் பழைய மனிதரின் கருவிகள் என்று 1859-ஆம் ஆண்டையொட்டி ஒப்புக்கொள்ளப்பட்டிருந்ததை அவர் அறிந்திருந்தார். ஆதலின் அது மனிதன் செதுக்கிய கைக்கருவி என்று உணர்ந்தார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் அத்திரம்பாக்கத்தில் கற்கருவிகள் மிகுதியாகக் கிடப்பதைக் கண்டனர். மனிதன் தோன்றிச் சில ஆயிரம் ஆண்டுகளே ஆயின என்று பலர் நம்பிய காலம் அது. பூட்டின் கண்டுபிடிப்பும் அன்றைக்கு ஒரு சர்ச்சைக்குரிய செய்திதான்.

பின்னர்ப் பலர் அங்கு ஆய்ந்தனர். 1999 முதல் சாந்தி பப்பு, குமார் அகிலேஷ் ஆகியோர் தலைமையில் அங்கே முறையான அகழாய்வு நடைபெற்றது. குழிகளை ஆழமாகத் தோண்டி, ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே அளந்து, ஒவ்வொரு கல்லும் எந்த அடுக்கில் எப்படிக் கிடந்தது என்று குறித்தனர். அடி அடுக்கில் கைக்கோடரிகளும் வெட்டுக் கருவிகளும் களிமண்ணுக்குள் புதைந்திருந்தன. அவற்றின் வயது என்ன?

இதனை அறிந்த முறை வியப்பானது. வானவெளியிலிருந்து ஓயாது பொழியும் அண்டக்கதிர்கள், நிலத்தின் மேல் கிடக்கும் கல்லைத் தாக்குகின்றன. அக்கல்லில் உள்ள படிகத்தில் அலுமினியம்-26, பெரிலியம்-10 என்னும் இருவகை அணுக்கள் மிக நுண்ணிய அளவில் உண்டாகின்றன. கல் மண்ணுள் ஆழப் புதைந்ததும் கதிர்கள் எட்டுவதில்லை. புதிய அணுக்கள் பிறப்பதில்லை. பழையவை சிதையத் தொடங்குகின்றன. அலுமினியம் விரைவாகச் சிதைகிறது. பெரிலியம் மெதுவாகச் சிதைகிறது. ஒரே நேரத்தில் ஏற்றப்பட்டு வெவ்வேறு வேகத்தில் எரியும் இரண்டு விளக்குத் திரிகளைப் போல, எஞ்சியுள்ள இரண்டின் விகிதம் கல் எவ்வளவு காலம் புதைந்திருந்தது என்பதைக் காட்டிவிடும். மண்ணடுக்கில் பதிந்திருந்த பழைய காந்தத் திசையையும் சேர்த்துச் சோதித்தனர். அக்கருவிகள் குறைந்தது 10 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை; சராசரிக் கணிப்பு 15 இலட்சம் ஆண்டு. இம்முடிவு 2011-இல் வெளியாயிற்று.

அடுத்து 2018-இல் மற்றொரு முடிவு வந்தது. மேலுள்ள அடுக்குகளில், பெரிய கைக்கோடரிகளுக்கு மாறாக, முன்கூட்டித் திட்டமிட்டுச் சீவி எடுத்த சிறு கருவிகள் கிடைத்தன. மணல் துகள் கடைசியாக வெயில் கண்ட காலத்தை அளக்கும் ஒளிர்வு முறையால், அம்மாற்றம் ஏறக்குறைய 3,85,000 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது எனக் கணித்தனர். அத்தகைய தொழில்நுட்பத்தை ஆப்பிரிக்காவிலிருந்து வந்த நம் இனத்து மனிதரே மிகப் பிற்காலத்தில் இந்தியாவிற்குக் கொண்டுவந்தனர் என்னும் கருத்து அதுவரை வலுவாக இருந்தது. அத்திரம்பாக்கம் அக்கருத்தை அசைத்துவிட்டது.

இது சர்ச்சையா? ஆம், சர்ச்சையே. ஆனால் இதன் இயல்பைப் பாருங்கள். கருவிகளைச் செய்தவர் யார் என்பது தெரியாது. அத்திரம்பாக்கத்தில் மனித எலும்பு கிடைக்கவில்லை. இந்தியா முழுவதிலுமே மிகப் பழைய மனித இனத்து மண்டையோடு என்று சொல்லத் தக்கது 1982-இல் நருமதைப் பள்ளத்தாக்கில், ஹத்னோரா என்னுமிடத்தில் கிடைத்த ஒன்றே. நம் இனத்தின் மிகப் பழைய எலும்புகள் ஆப்பிரிக்காவிலேயே கிடைத்துள்ளன. மொராக்கோவில் கிடைத்தவற்றின் வயது ஏறத்தாழ 3,00,000 ஆண்டு என 2017-இல் அறிவிக்கப்பட்டது. இன்று உலகெங்கும் வாழும் மக்களின் மரபணுக்களும் ஆப்பிரிக்காவையே சுட்டுகின்றன. ஆகவே, ‘மனிதன் தமிழகத்தில் தோன்றினான்’ என்று அத்திரம்பாக்கத்துக் கல் கூறவில்லை. பதினைந்து இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னரே ஏதோ ஒரு மனித இனம் இங்கு வந்து, கல்லைத் தேர்ந்து, செதுக்கி, வாழ்ந்தது என்று மட்டுமே கூறுகிறது. சான்றுக்கு எவ்வளவு வாய் உண்டோ அவ்வளவே பேசவிட வேண்டும். நாளை ஓர் எலும்பு கிடைத்தால் இன்றைய கருத்து மாறலாம். மாறுவதற்கு இடம் வைத்துப் பேசுவதனாலேயே அது அறிவியல்.

"குமரிக்கண்டம் இல்லையென்றால் எங்கள் பெருமை குறைந்துவிடாதா?" என்று உங்களுள் ஒருவர் மனத்துள் கேட்கலாம். அந்த வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் சிந்தியுங்கள். கடல்கோளைப் பாடிய புலவர் பொய் சொன்னார் என்று யாரும் கூறவில்லை. கடலோரத்து மக்கள் இழந்த கரைகளின் நினைவு அப்பாட்டுகளில் தங்கியிருக்கலாம், அந்நினைவு விலைமதிப்பற்றது. அதனை இந்துமாக்கடலின் அளவுக்கு நீட்டி, ஐரோப்பியர் கைவிட்ட ஒரு விலங்கியல் ஊகத்தின் மேல் ஏற்றி நிறுத்தியபோதுதான் அது பலமிழந்தது. தமிழின் இலக்கியம் கையில் இருக்கிறது. அதற்குக் கடலடியிலிருந்து சாட்சி வேண்டுவதில்லை.

மேலும், எட்டாத கண்டத்தை எண்ணி ஏங்குவோன் காலடியில் கிடக்கும் கல்லைப் பார்ப்பதில்லை. மூழ்கிய கண்டத்தை எவரும் இனி அழிக்க முடியாது. ஆனால் சரளைக்காகவும் செம்மண்ணுக்காகவும் ஒரு மேடு வெட்டப்பட்டால், இலட்சக்கணக்கான ஆண்டுகள் மண் காத்துவைத்த அடுக்கு ஒரே நாளில் குலைந்து போகும். குலைந்த அடுக்கிலிருந்து எடுத்த கல் வெறுங்கல்லே. அது எந்தக் காலத்தது என்று சொல்ல எவராலும் இயலாது. பொய்யான பழம்பெருமையால் விளையும் உண்மையான இழப்பு இதுவே.

நீங்கள் செய்யத் தக்கது எளிது. மனிதன் தோன்றிய இடத்தைப் பற்றிப் புதிய கொள்கை ஒன்றைக் கேள்விப்பட்டால், சினமும் வேண்டா, கைதட்டலும் வேண்டா. பொருள் எங்கே கிடைத்தது, எந்த அடுக்கில் கிடைத்தது, வயதை எப்படி அளந்தார்கள், எது கிடைத்தால் இக்கொள்கை தவறென்று ஒப்புக்கொள்வார்கள் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விடை சொல்லாதவரிடம் மற்ற விடைகள் இருந்தும் பயனில்லை. வாய்ப்புக் கிடைத்தால் பூண்டிப் பகுதிக்குச் சென்று, கொசத்தலையாற்றங்கரையின் பழைய கற்கருவிகளை அருங்காட்சியகத்தில் உங்கள் கண்ணாலேயே பாருங்கள்.

லைட்ஹவுஸ் குப்பத்துக் கரையில் மாலையில் விளக்கு ஏற்றப்படுகிறது. அவ்விளக்கு கடலைக் குறுக்குவதுமில்லை, கரையைப் பெருக்குவதுமில்லை. படகில் வருபவனுக்குக் கரை இருக்கும் இடத்தில் கரை இருக்கிறது என்று காட்டுகிறது. இல்லாத இடத்தில் கரையைக் காட்டும் விளக்கை எந்த மீனவனும் விரும்பமாட்டான். நாமும் வரலாற்றிடம் அதனையே கேட்போம்.